லீலாபாய் விளிக்காத பெயர்

குலசேகரத்தில் ஒரு நாய் இருக்கிறது. அது கொட்டாவி விட்டால் இங்கிலாந்து அரண்மனையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அது தோட்டத்து வழியே நடந்து போனால் ரப்பர் மரங்கள் கத்தி படாமலே பால் சுரக்கும். திற்பரப்பு அருவி அப்படித் தொங்கித் தொங்கி விழப் படித்ததே அதன் காது முடியைப் பார்த்துத்தான். இதில் ஒரு வரி குறைத்துச் சொன்னாலும் லீலாபாய் சண்டைக்கு வருவாள் என்பதால் எதையும் குறைக்கவில்லை.

அவளுடைய கணவர் ஞானசிங்கிடம் கேட்டால் கதை வேறு. "எட்டுக் கிலோ பட்டி. அதில மூணு கிலோ காது," என்பார்.

அந்தப் பக்கத்தில் நாயைப் பட்டி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. ஞானசிங் வாயிலிருந்து வரும்போது மட்டும் இருக்கும். "பட்டின்னு விளிக்காதீங்க, அதுக்கு ஒரு பேரு உண்டு," என்று லீலாபாய் உள்ளேயிருந்து திருத்துவாள். அந்தத் திருத்தம்தான் அவருக்கு எரியும். ஏனென்றால் அவருக்கும் ஒரு பேர் உண்டு.

ஞானசிங்குக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தாறு வருடமாக மைக்செட் வைத்திருக்கிறார். நாலு பெட்டி, இரண்டு கொண்டை ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர். எல்லாவற்றிலும் 'ஞானசிங் ஆடியோஸ்' என்று சிவப்புப் பெயின்ட். அந்த வட்டாரத்தில் சபைத் திருவிழாவோ, கல்யாணமோ, பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ, அவர் குரல் இல்லாமல் நடக்காது. கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையின் பேரை விளிப்பார். அன்பளிப்புத் தந்தவர்களின் பேரை விளிப்பார். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவன் பேரைக்கூட, அவன் அழாதபடிக்கு, கொஞ்சம் ராகம் போட்டு விளிப்பார். ஊரில் பாதிப்பேரின் பேர் அவர் வாயில் ஒருமுறையாவது ஏறி இறங்கியிருக்கிறது.

அவர் பேரை அவர் வீட்டில் ஒருவரும் விளித்தது கிடையாது.

மகள் சுபிதா அப்பா என்பாள். அது நியாயம். லீலாபாய் "இஞ்ச கேட்டியளா" என்பாள். மற்றவர்களிடம் பேசும்போது "சுபிதாக்க அப்பா." அவளுடைய போனில் அவர் நம்பரை 'மைக்செட்' என்று பதிந்து வைத்திருக்கிறாள். கணவன் பேரைச் சொல்லக் கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியதை முப்பத்துநாலு வருடம் ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றியவள். பரீட்சையில் இப்படி ஒழுங்காக இருந்திருந்தால் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருப்பாள் என்று ஞானசிங் மனதுக்குள் சொல்லிக்கொள்வார். வெளியே சொன்னால் சோறு தாமதமாகும்.

ஒரே ஒருமுறை சொன்னாள். கல்யாணத்தன்று, ஆலயத்தில். போதகர் ஐயர் சொல்லச் சொல்ல மணப்பெண்ணும் திருப்பிச் சொல்லியாக வேண்டுமே. "ஞானசிங் ஆகிய உம்மை என் விவாக புருஷனாக" என்று. தப்பிக்க வழியே இல்லை. அன்றைக்கு மைக்செட்டும் அவருடையதுதான். கூட்டாளி சத்தியராஜை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். லீலாபாய் தலையைக் குனிந்து, "ஞா" என்று தொடங்கியதும் செட்டு 'கீ' என்று ஊளையிட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். மாப்பிள்ளை திரும்பிச் சத்தியராஜை முறைத்துவிட்டு மறுபடி திரும்புவதற்குள் "விவாக புருஷனாக" வந்துவிட்டது. இருந்த ஒரு சந்தர்ப்பத்தையும் அவருடைய சொந்த ஸ்பீக்கரே தின்றுவிட்டது.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சத்தியராஜோடு மட்டும் ரெண்டு வருடம் பேசாமல் இருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆடி மாதம் சார்லஸ் வந்தான்.

சுபிதா பெங்களூரில் நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்ததும், தான் வளர்த்த நாலு வயது நாயை ரயிலில் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளை உடம்பு, சுட்ட செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டு, நெற்றியில் அதே நிறத்தில் ஒரு பொட்டு. இரண்டு பக்கமும் சுருள்முடிக் காது. கண்கள் கேக் வெட்டும் இடத்திலிருந்து விரட்டப்பட்ட குழந்தையின் கண்கள். ஜாதியின் பேர் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். அவ்வளவையும் சொல்லி விளிப்பதற்குள் நாய் ஊரைவிட்டே போய்விடும் என்பதால் சார்லஸ். சபைப் பாடகர் குழுவிலேயே மூன்று சார்லஸ் இருந்தார்கள். அதனால் அந்தப் பேர் லீலாபாயின் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

சுபிதா நாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். லீலாபாய் அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி, வேதபாடம் போலக் காலையும் மாலையும் வாசித்தாள். இந்த ஜாதி மடியில் இருப்பதற்கென்றே வளர்க்கப்பட்டது. தனியாக விட்டால் மனம் உடைந்துவிடும். தினமும் முடி வாரவேண்டும், காதுக்குப் பின்னால் முக்கியமாக, அங்கேதான் சிக்கு விழும். கண்ணோரம் வடிவதை வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும். மூக்கு குட்டை, வெயில் தாங்காது, நடப்பதெல்லாம் காலை ஏழு மணிக்கு முன்னால். மழைக்காலத்தில் காதில் ஈரம் நிற்க விடக்கூடாது. சாப்பிடும்போது காது தட்டில் விழும், கட்டிவிட வேண்டும்.

லீலாபாய் தன் தலையில் போடுகிற துணி ரப்பர் பேண்டைக் கழற்றி அதன் காதுகளை உச்சியில் சேர்த்துக் கட்டினாள். நாய், கோயிலுக்குக் கிளம்பிய கிழவி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டது. ஞானசிங் எதிரில் உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்தார். அதில் நேற்றைய குழம்பு. நாயின் தட்டில் முள் எடுத்த சாளை, அவித்த காரட்.

போன வருடம் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து. "மேசையில இருக்கு, விட்டுக்கிடுங்க," என்றாள் லீலாபாய். அவரே படுத்து, அவரே ஊற்றி, பாதி மூக்கில் போனது. இப்போது ஒரு நாய்க்குப் பஞ்சு நனைக்கிறாள்.

காவலுக்காவது ஆகுமா என்றால் அதுவும் இல்லை. ரப்பர் ஷீட் திருடுகிறவன் வந்தால் அவன் கையை நக்கி, ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். குளியலறைக்குள் லீலாபாய் போனால் கதவுக்கு வெளியே தாடையைத் தரையில் வைத்துக் காத்துக் கிடக்கும். வீட்டில் அவள் பக்கத்தில் இருந்த இடமெல்லாம் அதற்குப் போயிற்று. டிவி பார்க்கும்போது சோபாவில் நடு இடம். காரில் முன்சீட்டு. மின்விசிறிக்கு நேர்கீழ். ஞானசிங் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, இன்னும் இரண்டு அடி நகர்ந்தால் பக்கத்து வீடு.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது விளி.

"சார்லஸ், வா மக்களே." "சார்லஸ், எங்க இருக்க?" "சார்லஸ், எனக்க தங்கமே, காதைக் காட்டு." ஒரு நாள் ஞானசிங் வேலை எதுவும் இல்லாமல் எண்ணிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்று. அவருக்கு முப்பத்துநாலு வருடத்தில் ஒன்று, அதுவும் ஊளையில் போனது.

ஆவணியில் ஒரு காலை, நாய் தோட்டத்தில் பால் வடியும் சிரட்டைக்குள் காதை விட்டுவிட்டது. ரப்பர் பால் முடியில் ஒட்டினால் சும்மா போகாது, உறைந்து இழுபடும். லீலாபாய் முற்றத்தில் உட்கார்ந்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு முடியாகப் பிரித்தாள். இரண்டு மணி நேரம். இடையிடையே அதன் நெற்றிப் பொட்டில் முத்தம். கல்யாணமான புதிதில் ஞானசிங் தலையிலும் அதே பால் கொட்டியது. அன்றைக்கு அவள் கத்திரிக்கோலை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அவர் தூணில் சாய்ந்து நின்று, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். "ஏட்டி லீலா. எனக்க பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் முடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரேஷன் கார்டுல இருக்குல்லா. பாத்துக்கிடுங்க."

அன்று மத்தியானமே அவர் திட்டம் போட்டுவிட்டார். அறுபத்திரண்டு வயதில் யாரும் போடக்கூடாத திட்டம். பின்பெஞ்சுக்காரன்கூட இதை எழுதி வைத்துவிட்டு இரண்டு முறை யோசிப்பான்.

வீட்டுக்குப் பின்னால் மைக்செட் சாமான்கள் வைக்கிற சாய்ப்பு ஒன்று உண்டு. லீலாபாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் பார்த்து, நாயை அங்கே கூட்டிக்கொண்டு போனார். சட்டைப் பையில் நெத்தோலிக் கருவாடு. கதவைச் சாத்திவிட்டு, முதலில் "சார்லஸ்" என்றார். நாய் வாலாட்டியது. ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஞானசிங்" என்றார்.

தன் பேரைத் தானே விளிப்பது இவ்வளவு வெட்கமான காரியம் என்று அவருக்குத் தெரியாது. காது சூடாகிவிட்டது. ஒரு நெத்தோலி கொடுத்தார்.

இந்த ஜாதியின் குணம் இரண்டு. சாப்பாடு என்றால் உயிர், ஆளைச் சந்தோஷப்படுத்துவது என்றால் அதைவிடப் பெரிய உயிர். பத்து நாளில் பாடம் ஏறிவிட்டது. "ஞானசிங்" என்றால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, முன்னால் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கும். "சார்லஸ்" என்றால், யாரையோ சொல்கிறார்கள் என்று இருக்கும். ஞானசிங்கும் தேறிவிட்டார். முதலில் மைக்கில் அறிவிக்கிற குரலில் விளித்தவர், பிறகு மெதுவாக, பிறகு கொஞ்சம் இழுத்து, சமையலறையிலிருந்து ஒருத்தி சோற்றுக்கு விளித்தால் எப்படி இருக்குமோ அப்படி விளித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. நாய்க்கும் அந்தக் குரல்தான் பிடித்தது.

கணக்கு சுலபம். சார்லஸ் என்றால் வராது. வேறு பேர் சொல்லிப் பார் என்று இவர் யோசனை சொல்வார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தப் பேரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாய் ஓடும். பிறகு காலம் முழுக்க, ஒரு நாளைக்கு எண்பது தடவை, வீடெல்லாம் அவர் பேர்.

முதல் பாதி அப்படியே நடந்தது. நாய் சாய்ப்பின் வாசலில் நெத்தோலிக்குத் தவம் கிடக்கும். லீலாபாய் "சார்லஸ், சார்லஸ்" என்று தொண்டை வற்ற விளிப்பாள். அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஞானசிங் பல்லைக் குத்திக்கொண்டே, "வேற பேரு போட்டு விளிச்சுப் பாரு," என்றார். அவள் ராஜா என்றாள், செல்லம் என்றாள், பப்பி என்றாள். பிறகு வேதாகமத்துக்குள் இறங்கினாள். பேதுருவில் தொடங்கிப் பன்னிரண்டு சீடர்களும் முடிந்தார்கள். காட்டிக்கொடுத்தவனைக்கூட விடவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த பேர் மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அது அவளுக்குப் பேராக இருந்தால்தானே தோன்றும்?

நாலாம் நாள் அவள் பிரிட்ஜ் கதவு முன்னால் நின்று, மூன்றாம் பக்கத்தை விரலால் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த ஜாதிக்குக் காதுக்குள் நீர் கட்டிச் செவிடாகிவிடுவது உண்டு என்று அதில் இருந்தது. "நான் விளிக்கிறது அதுக்குக் கேக்கல்ல," என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

ஞானசிங் காரை எடுத்தார்.

மார்த்தாண்டத்தில் மிருக டாக்டர் நாயின் பின்னால் நின்று கைதட்டினார். நாய் திரும்பியது. சாவிக்கொத்தை ஆட்டினார். திரும்பியது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "காது நல்லா இருக்கு. இவ்வளவு சுத்தமான காதை நான் இந்த மழைக்காலத்துல பாத்ததே இல்ல," என்றார். லீலாபாய்க்கு மூச்சு வந்தது. டாக்டர் வழக்கம்போல ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. இடம் மாற்றி மறுபடி வைத்தார்.

"இதயத்துல லேசா ஒரு இரைச்சல் இருக்கு."

ஞானசிங் முன்னால் வந்தார். "எந்த மாதிரி இரைச்சல் சார்? செட்டுல எர்த் சரியில்லன்னா பின்னால ஒண்ணு கேக்குமே, அதுவா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "கிட்டத்தட்ட அதுதான்."

இதயத்துக்குள் இருக்கிற வால்வு முழுக்க மூடாமல் ரத்தம் கொஞ்சம் பின்னால் கசிகிறது, இந்த ஜாதியில் இது மற்றதைவிட அதிகம், இப்போது பயமில்லை, மருந்தும் வேண்டாம் என்று டாக்டர் விளக்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். எடை கூடக்கூடாது. மூச்சு வாங்கினாலோ இருமினாலோ உடனே கொண்டுவர வேண்டும். உப்பு ஆகவே ஆகாது. "அப்பளம், ஊறுகாய், கருவாடு, ஒண்ணும் கிடையாது. கருவாடு ஏதாவது குடுக்கிறீங்களா?"

"கருவாடா?" என்றாள் லீலாபாய். "எங்க வீட்டுல அதுக்கு அந்த மணம்கூடக் காட்டினது இல்ல சார்."

ஞானசிங் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்த மாதத்து விடுமுறைகளை மிகக் கவனமாக வாசித்தார். நாய் அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கருவாட்டுப் பொட்டலம் கிணற்றடிப் பூனைகளுக்குப் போயிற்று. மறுநாள் சந்தையில் பச்சை நெத்தோலி வாங்கி, சாய்ப்பில் டீ போடுகிற மின்கெட்டிலில், உப்பில்லாமல் அவித்தார். கதவைச் சாத்திவிட்டு, நாயைப் பெட்டி மேல் ஏற்றி, அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார். டொக் டொக்குக்கு நடுவில் 'ஷ்' என்று ஒன்று, உண்மைதான். எத்தனையோ செட்டுகளில் அந்த இரைச்சலை அவர் எடுத்திருக்கிறார். பின்பக்கம் திறந்து, ஒயரைத் தொட்டுத் தொட்டு, ஒரு சொட்டு ஈயம் வைத்தால் போய்விடும். இதைத் திறக்க முடியாது. நாய் அவர் மூக்கை நக்கியது. "போ சவமே," என்றார் ஞானசிங். ஆனால் காதை எடுக்கவில்லை.

பாடத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்றும் பார்த்தார். "சார்லஸ்" என்று சொல்லி நெத்தோலி காட்டினார். நாய் அவரை, விடைத்தாளில் தப்பான பதிவெண் எழுதியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. "ஞானசிங்" என்றார். கால் தூக்கியது. தினமும் இதே கதை. கூடவே இன்னொரு சங்கடம். அந்த நாய்க்கும் அவருக்கும் நடுவில் யார் பேர் யாருக்கு என்ற வழக்கு தீராமல் கிடக்க, லீலாபாய் இன்னமும் அந்தச் சார்லஸைத்தான் விளித்துக்கொண்டிருந்தாள். வராத நாய்க்கு நாற்பது தடவை. வந்து நிற்கிற மனுஷனுக்கு ஒன்றும் இல்லை. பொறாமைக்கு இதயநோய் எல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை, சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு முன்னால் செட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று, பிலா மரத்தில் ஏணி சாய்த்து, ஞானசிங் உயரத்தில் கொண்டை ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே முற்றத்தில் லீலாபாய், மடியில் நாயை வைத்துக் காதுக்குப் பின்னால் சீப்பு போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வேலைக்கு விளிக்கிறவர்கள் போனில்தான் விளிப்பார்கள். கேட்டில் வந்து நிற்கிறவர்கள் கிடையாது. ஆனால் அசனக் கமிட்டித் தங்கப்பனின் போன் முந்தின நாள்தான் குளத்தில் விழுந்திருந்தது.

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய வழக்கப்படி, ஊருக்கே கேட்கும்படி விளித்தார். "ஞானசிங் அண்ணோ."

லீலாபாயின் மடி காலியாயிற்று. நாய் சீப்போடு சேர்த்துப் பறந்து, கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கியது. சீப்பு இன்னும் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே ஞானசிங் இலைக்குள் ஒண்டிக்கொண்டார்.

லீலாபாய் எழுந்து வந்தாள். நாயைப் பார்த்தாள். தூக்கிய காலைப் பார்த்தாள். "தங்கப்பன் அண்ணா, இன்னொருக்க விளியுங்க," என்றாள்.

"யார?"

"இப்ப விளிச்சியளே, அந்த ஆளத்தான்."

தங்கப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் விளித்தார். நாய் கேட்டுக்கு இன்னும் நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, இந்த முறை இரண்டு காலையும் தூக்கியது. தங்கப்பன் பயந்து கேட்டை விட்டுவிட்டார்.

லீலாபாய் அவரிடம் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாய்ப்புக்குள் போனாள். மின்கெட்டிலின் மூடியைத் திறக்கிற சத்தம் ஏணி உச்சிவரை கேட்டது. கொஞ்ச நாளாகச் சாய்ப்புக்கு வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதன் காரணம் அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். ஞானசிங் இறங்கலாமா என்று ஒரு காலை எடுத்தார். பிறகு இடத்திலேயே வைத்துவிட்டார்.

அவள் வெளியே வந்தபோது கையில் ஒரு தட்டு. அதில் உப்பில்லாத நெத்தோலி ஐந்தாறு. அவள் ஏணியடிக்கு வந்தாள். மேலே பார்க்கவில்லை. சேலை முந்தானையால் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு விளித்தாள்.

"ஞானசிங்."

மைக் ஊளையிடவில்லை. ஒயர் கொடுக்காத ஸ்பீக்கர் அவர் கையில் சும்மா கிடந்தது. பிலா இலைகூட அசையவில்லை. தொடக்கத்தில் கொஞ்சம் நடுங்கி, நடுவில் இழுத்து, கடைசி எழுத்துவரை தெளிவாக, முழுப் பேரும் ஏணி வழியே ஏறி வந்தது. அவர் சாய்ப்புக்குள் பயிற்சி செய்து பார்த்த எந்தக் குரலிலும் அது இல்லை.

"ஓ," என்றார் ஞானசிங், மரத்தின் மேலிருந்து. வாயைக் கட்டுவதற்குள் வந்துவிட்டது.

நாய் அதற்குள் அவள் காலடியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கியிருந்தது. லீலாபாய் ஒரு நெத்தோலியை அதன் வாயில் வைத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கள இல்ல," என்றாள். "பட்டிய விளிச்சேன்."